பூஞ்சைகளில் ரைபோசோம் செயல்பாடும் வளர்ச்சி வீதமும்: ஓர் ஆய்வு வரலாறு

உயிரணு ஒன்று இரண்டாகப் பெருக வேண்டுமானால், தன்னிடமுள்ள புரதங்களை அது ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டும். புரதங்களைக் கட்டும் வேலையைச் செய்வது ரைபோசோம் என்னும் நுண்ணிய உறுப்பு. எனவே ஓர் உயிர் வளரும் வேகத்திற்கும் அதன் உயிரணுக்களில் உள்ள ரைபோசோம்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இத்தொடர்பு முதன்முதலில் பாக்டீரியாக்களில் ஒரு விதியாக வகுக்கப்பட்டது: வேகமாக வளரும் உயிரணுவில் ரைபோசோம்கள் மிகுதி, மெதுவாக வளரும் உயிரணுவில் குறைவு, ஒவ்வொரு ரைபோசோமின் வேலைத்திறனோ ஏறத்தாழ மாறாதது.

1970களில் இந்த விதி ஈஸ்ட், நியூரோஸ்போரா ஆகிய பூஞ்சைகளில் சோதிக்கப்பட்டது. விதியின் முதற்பகுதி அங்கும் பொருந்தியது. இரண்டாம் பகுதி பொருந்தவில்லை. மெதுவாக வளரும் பூஞ்சை தனக்கு அப்போது தேவைப்படுவதைவிட அதிக ரைபோசோம்களை வைத்திருந்தது. அவற்றின் சராசரி செயல்பாடு குறைந்திருந்தது. ரைபோசோம்களின் எண்ணிக்கையும் அவற்றின் செயல்பாடும் வெவ்வேறானவை, இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது பூஞ்சை ஆய்வுகள் தெளிவாக்கிய செய்தியாகும். அந்தத் தெளிவு உருவான வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பூஞ்சையின் வளர்ச்சியை அளத்தல்

ஈஸ்ட் ஓர் ஒற்றை உயிரணுப் பூஞ்சை. ரொட்டி ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியே, மொட்டு விட்டுப் பெருகுகிறது. குளுக்கோஸ் நிறைந்த வளமான ஊடகத்தில் அது சுமார் 90 முதல் 100 நிமிடங்களில் இரட்டிப்பாகும். எத்தனால் போன்ற குறைந்த ஊட்டத்தில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். கரைசலின் கலங்கலை அளந்தோ, உயிரணுக்களை எண்ணியோ இவ்வளர்ச்சியை எளிதில் கணக்கிடலாம்.

இழைப் பூஞ்சைகளில் இது அவ்வளவு எளிதன்று. அவற்றின் உடல் ஹைஃபா எனப்படும் இழைகளால் ஆனது. ஹைஃபா நுனியில் மட்டுமே நீள்கிறது. 1943இல் பிரான்சிஸ் ரையன், ஜார்ஜ் பீடில், எட்வர்ட் டாட்டம் ஆகியோர் நியூரோஸ்போரா கிராசாவின் வளர்ச்சியை அளக்க நீண்ட கண்ணாடிக் குழாய் முறையைக் கையாண்டனர். குழாயின் ஒரு முனையில் பூஞ்சையை இட்டு, அதன் முன்விளிம்பு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று குறித்தனர். ஆனால் நீளம் கூடுவதும் நிறை கூடுவதும் ஒன்றல்ல. நுனிக்குத் தேவையான பொருள்கள் அதற்குப் பின்னால் உள்ள ஒரு குறிப்பிட்ட பகுதியில் உருவாகின்றன. இதை விளிம்பு வளர்ச்சி மண்டலம் என்பர். திண்ம ஊடகத்தில் பூஞ்சைக் குழுமம் பரவும் வேகம், இம்மண்டலத்தின் அகலத்தையும் பூஞ்சையின் உள்ளார்ந்த வளர்ச்சி வீதத்தையும் பொறுத்தது என்று 1971இல் ஆந்தனி டிரின்சி காட்டினார்.

ரைபோசோம்களோடு ஒப்பிடுவதற்கு வேண்டியது இந்த உள்ளார்ந்த வீதமே; அதாவது, இருக்கும் நிறை ஒரு மணி நேரத்தில் எத்தனை பங்கு கூடுகிறது என்பது. அதனால்தான் ரைபோசோம் ஆய்வுகளில் நியூரோஸ்போரா பெரும்பாலும் குலுக்கப்படும் திரவ ஊடகத்தில் வளர்க்கப்பட்டது.

1950இல் ஜாக் மோனோவும், தனியாக ஆரன் நோவிக், லியோ சிலார்டு இருவரும் விவரித்த கீமோஸ்டாட் என்னும் கருவி இத்துறைக்குப் பெரிதும் உதவியது. புதிய ஊடகம் சீராக உள்ளே வர, அதே அளவு வளர்ப்பு வெளியேறும். ஊடகம் வரும் வேகத்தை மாற்றுவதன் மூலம் உயிரணுக்களின் வளர்ச்சி வீதத்தை ஆய்வாளரே தீர்மானிக்க முடிந்தது.

ஈஸ்டில் கிடைத்த முதற்குறிப்புகள்

ரைபோசோம் என்ற சொல் தோன்றுவதற்கு முன்பே, ஆர்என்ஏக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஈஸ்ட் உணர்த்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்என்ஏ, "ஈஸ்ட் நியூக்ளிக் அமிலம்" என்றே அழைக்கப்பட்டது. டிஎன்ஏ கன்றுகளின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரிக்கப்பட்டதால் "தைமஸ் நியூக்ளிக் அமிலம்" எனப்பட்டது. முதல் வகை தாவரங்களுக்கும் ஈஸ்டுக்கும் உரியது, இரண்டாம் வகை விலங்குகளுக்கு உரியது என்றுகூடச் சில காலம் நம்பப்பட்டது. ஈஸ்டிலிருந்து ஆர்என்ஏ தாராளமாகக் கிடைத்ததன் காரணம் பின்னரே விளங்கியது. வேகமாக வளரும் ஈஸ்ட் ரைபோசோம்களால் நிறைந்தது. அதன் ஆர்என்ஏயில் சுமார் 80 விழுக்காடு ரைபோசோம் ஆர்என்ஏ ஆகும்.

1930களின் இறுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் சுவீடனில் டோர்பியோர்ன் காஸ்பர்சனும் பெல்ஜியத்தில் ஜான் பிராஷேயும் ஒரே முடிவை நோக்கி வந்தனர். காஸ்பர்சன் புறஊதா ஒளி நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார்; பிராஷே சாயங்களையும் நொதிகளையும் பயன்படுத்தினார். புரதத்தை மிகுதியாக உண்டாக்கும் உயிரணுக்களில் ஆர்என்ஏயும் மிகுதி என்று இருவரும் கண்டனர். 1941இல் காஸ்பர்சனும் பிராண்ட்டும் வெளியிட்ட ஆய்வு, ரொட்டி ஈஸ்டின் வளர்ச்சியையும் அதன் நியூக்ளியோடைடு மாற்றங்களையும் நேரடியாக ஒப்பிட்டது.

அந்த ஆர்என்ஏ உயிரணுவில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 1950களில் விடை கிடைத்தது. 1955இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாட் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியாகச் சைட்டோபிளாசத்தில் சிறு துகள்களை விவரித்தார். 1956இல் ஃபூ-சுவான் சாவும் ஹோவர்ட் ஷாக்மனும் ஈஸ்டிலிருந்து ஆர்என்ஏயும் புரதமும் சேர்ந்த பெருந்துகள் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதிவேக மையவிலக்கியில் அது 80எஸ் என்ற வேகத்தில் படிந்தது. மக்னீசியம் குறைந்தால் அத்துகள் 60எஸ், 40எஸ் என்ற இரு துணை அலகுகளாகப் பிரியும் என்று 1957இல் சாவ் காட்டினார். ரைபோசோம் இரு துண்டுகளால் ஆனது என்னும் அறிவுக்கு ஈஸ்ட் அளித்த பங்களிப்பு இது. 1958இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இத்துகள்களுக்கு ரைபோசோம் என்று பெயரிட்டார்.

கோபன்ஹேகன் விதி

அதே 1958இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலிருந்து இரு கட்டுரைகள் வந்தன. மொசெலியோ ஷெக்டர், ஓலே மாலோ, நீல்ஸ் ஓலே கெல்ட்கார்ட் ஆகியோர் சால்மொனெல்லா டைஃபிமியூரியம் பாக்டீரியாவைப் பலவகை ஊடகங்களில் வளர்த்து, அதன் பருமன், டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றை அளந்தனர். உயிரணுவின் இயைபைத் தீர்மானித்தது எந்த உணவு என்பதன்று. அந்த உணவு தரும் வளர்ச்சி வீதமே. வேகம் கூடக் கூட ஆர்என்ஏயின் அளவு மிகுந்தது.

வெப்பநிலை மாற்றம் வேறொரு பாடத்தைத் தந்தது. ஒரே ஊடகத்தில் வெப்பநிலையைக் குறைத்தால் வளர்ச்சி மெதுவாகியது. ஆனால் இயைபு மாறவில்லை. குளிரில் எல்லா வினைகளும் ஒன்றுபோல் மெதுவாவதால் ரைபோசோம்களின் பங்கு அப்படியே இருந்தது. ஊட்டக் குறைவு எண்ணிக்கையை மாற்றுகிறது, குளிர் வேகத்தை மாற்றுகிறது என்ற வேறுபாடு இங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டாவது கட்டுரை ஊட்ட மாற்றத்தைப் பற்றியது. மெலிந்த ஊடகத்திலிருந்து வளமான ஊடகத்திற்கு மாற்றப்பட்ட உயிரணுக்களில் ஆர்என்ஏ உருவாக்கம் உடனே உயர்ந்தது. டிஎன்ஏ உருவாக்கமும் உயிரணுப் பிரிவும் பிந்தியே வேகம் பிடித்தன. முதலில் ரைபோசோம்களைப் பெருக்கி, பிறகு அவற்றைக் கொண்டு மற்றவற்றைப் பெருக்கும் வரிசை இதில் தெரிந்தது. இந்த ஆய்வுகளின் அடிப்படையில், மிதமான வேகத்திலும் அதற்கு மேலும் வளரும் பாக்டீரியாவில் ஒரு ரைபோசோமின் வேலைத்திறன் ஏறத்தாழ நிலையானது என்ற கருத்து வலுப்பெற்றது.

எண்ணிக்கையும் செயல்பாடும்

ஒரு நெசவுக் கூடத்தில் ஒரு நாளில் நெய்யப்படும் துணியின் அளவு மூன்றைப் பொறுத்தது: எத்தனை தறிகள் உள்ளன, அவற்றில் எத்தனை ஓடுகின்றன, ஓடும் தறி எவ்வளவு வேகமாக நெய்கிறது. ரைபோசோம்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். மொத்த எண்ணிக்கை, தூதுவ ஆர்என்ஏயில் அமர்ந்து வேலை செய்பவற்றின் பங்கு, அவை வினாடிக்கு எத்தனை அமினோ அமிலங்களைக் கோக்கின்றன என்னும் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கமே உயிரணுவின் புரத உற்பத்தி. பின்னிரண்டையும் சேர்த்தே ரைபோசோம் செயல்பாடு என்கின்றனர். உற்பத்தியான புரதத்தில் ஒரு பகுதி சிதைக்கப்படுவதால், வளர்ச்சி வீதத்தைக் கணக்கிடும்போது அந்த இழப்பையும் கழிக்க வேண்டும்.

வேலை செய்யும் ரைபோசோம்களை இனங்காண வழிசெய்தது பாலிசோம் கண்டுபிடிப்பு. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜோனதன் வார்னர், பால் நாஃப், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர், ஒரே தூதுவ ஆர்என்ஏ இழையில் பல ரைபோசோம்கள் வரிசையாக அமர்ந்து புரதம் கட்டுவதைக் காட்டினர். இத்தொகுதியே பாலிசோம். சர்க்கரைக் கரைசல் அடுக்கில் மையவிலக்கம் செய்தால் பாலிசோம்கள் ஆழமாகச் செல்லும். தனி ரைபோசோம்களும் துணை அலகுகளும் மேலே தங்கும். பாலிசோமில் உள்ள ரைபோசோம்களின் பங்கு, ஓடும் தறிகளின் பங்கைக் காட்டுகிறது. பின்னாளில் ஈஸ்ட் ரைபோசோம் ஆய்வின் முன்னோடியாக விளங்கியவரும் இதே வார்னர்தான்.

பூஞ்சைகளில் நடந்த சோதனை

பாக்டீரியாவில் ஒரே வகை ஆர்என்ஏ பாலிமரேஸ்தான் உண்டு, உட்கரு இல்லை. பூஞ்சையின் ரைபோசோமோ மூன்று பாலிமரேஸ்களின் கூட்டுழைப்பில் உருவாவது. ரைபோசோம் ஆர்என்ஏ உட்கருமணியில் தோன்றுகிறது. ரைபோசோம் புரதங்கள் சைட்டோபிளாசத்தில் உருவாகி, உட்கருவுக்குள் சென்று ஆர்என்ஏயுடன் இணைந்து, துணை அலகுகளாக மீண்டும் வெளியே வருகின்றன. இவ்வளவு நீண்ட பாதை கொண்ட உயிரிலும் கோபன்ஹேகன் விதி செல்லுமா என்பதே கேள்வி.

இத்தாலியின் மிலான் பல்கலைக்கழகத்தில் லிலியா ஆல்பெர்கினாவும் எம்மாபாவ்லா ஸ்தூரானியும் நியூரோஸ்போராவைத் தேர்ந்தனர். வளமான ஊடகத்திலிருந்து மெலிந்த ஊடகத்திற்கு மாற்றும்போது ரைபோசோம் ஆர்என்ஏ உருவாக்கம் தடைப்படுவதை அவர்களது குழு 1973இல் பதிவு செய்தது. 1975இல் வெளியான விரிவான ஆய்வில், வெவ்வேறு ஊடகங்களில் சீராக வளரும் நியூரோஸ்போராவின் ரைபோசோம் ஆர்என்ஏ, கடத்து ஆர்என்ஏ, புரதம் ஆகியவற்றின் அளவும் உருவாகும் வீதமும் கணக்கிடப்பட்டன. வேகமாக வளரும் இழைகளில் ரைபோசோம்கள் மிகுதியாக இருந்தன. பல உட்கருக்களைக் கொண்ட இழைப் பூஞ்சையிலும் ரைபோசோம் அளவு வளர்ச்சி வீதத்தைத் தொடர்கிறது என்பது உறுதியானது.

அதே 1975இல் ரொட்டி ஈஸ்டைப் பற்றி இரு ஆய்வுகள் வந்தன. ஒன்று வால்ட்ரனும் பிரான்சுவா லாக்ரூட்டும் செய்தது; மற்றொன்று போல்கேயும் ஃபிரீசனும் செய்தது. வளர்ச்சி வீதம் குறையும்போது ஈஸ்டின் ஆர்என்ஏயும் குறைந்தது என வால்ட்ரனும் லாக்ரூட்டும் கண்டனர். ஆனால் அந்தக் குறைவு நேர்கோட்டில் அமையவில்லை. புரத அளவோடு சேர்த்துக் கணக்கிட்டபோது முக்கியமான முடிவு கிடைத்தது. ரைபோசோம் ஒன்று சராசரியாக உருவாக்கும் புரதத்தின் அளவு நிலையானதன்று. வளர்ச்சி மெதுவாக ஆக அதுவும் குறைகிறது. போல்கேயும் ஃபிரீசனும் ஆர்என்ஏ, புரத அளவுகளைக் கொண்டு புரதச் சங்கிலி நீளும் தோற்ற வேகத்தைக் கணித்தனர். அந்த வேகமும் வளர்ச்சியோடு சேர்ந்து மாறியது. வேகமாக வளரும் ஈஸ்டில் அது வினாடிக்குச் சுமார் 10 அமினோ அமிலங்கள் வரை எட்டுகிறது.

"தோற்ற வேகம்" என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருந்தது. எல்லா ரைபோசோம்களும் மெதுவாக ஓடினாலும், பாதி முழு வேகத்தில் ஓடி மீதி சும்மா இருந்தாலும் சராசரி ஒன்றாகவே வரும். இவ்விரண்டையும் பிரித்தறிய, சங்கிலி நீளும் வேகத்தையும் செயல்படும் ரைபோசோம்களின் பங்கையும் தனித்தனியே அளக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த போன்வெனும் குலோவும் 1979இல் வெளியிட்ட ஈஸ்ட் ஆய்வு இந்தப் பணியை எடுத்துக்கொண்டது. ரைபோசோம் செயல்பாடு என்பதை எண்ணிக்கையிலிருந்து பிரித்து ஆராயும் போக்கு இவ்வாறு பூஞ்சையியலில் நிலைபெற்றது.

ஊட்டம் வந்ததும் நடப்பது

வார்னர் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ஈஸ்ட் ஆய்வைத் தொடர்ந்தார். லீலண்ட் ஹார்ட்வெல் 1960களில் ஈஸ்டில் வெப்பநிலையால் பாதிக்கப்படும் திரிபுகளைத் திரட்டியிருந்தார். அவற்றிலிருந்து, ரைபோசோம் உருவாக்கத்தைக் கட்டுப்படுத்துவதாகத் தோன்றிய 10 மரபணுக்களை ஹார்ட்வெல், கால்வின் மெக்லாக்லின், வார்னர் மூவரும் 1970இல் அறிவித்தனர். இவற்றின் உண்மைப் பணி 1980களில் வெளிப்பட்டது. அவை தூதுவ ஆர்என்ஏயிலிருந்து இன்ட்ரான்களை வெட்டி நீக்கும் வேலைக்கு வேண்டியவை. ஈஸ்டின் பெரும்பாலான மரபணுக்களில் இன்ட்ரான் இல்லை. ரைபோசோம் புரத மரபணுக்களில்தான் அவை மிகுதி. வெட்டும் வேலை நின்றதும் முதலில் அடிபட்டது ரைபோசோம் உற்பத்தி. அதனால்தான் அந்த மரபணுக்கள் ரைபோசோமையே கட்டுப்படுத்துவன போலத் தோன்றின.

1981இல் கீஃபும் வார்னரும் கோபன்ஹேகனின் ஊட்ட மாற்றச் சோதனையை ஈஸ்டில் செய்தனர். எத்தனாலில் வளர்ந்துகொண்டிருந்த ஈஸ்டுக்குக் குளுக்கோஸ் கொடுக்கப்பட்டது. 5 நிமிடங்களுக்குள் ரைபோசோம் ஆர்என்ஏ உருவாகும் வீதம் 40 விழுக்காடு உயர்ந்தது. 15 நிமிடங்களில் இரட்டிப்பானது. 30 நிமிடங்களில் புதிய ஊடகத்திற்குரிய நிலையை அடைந்தது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட ரைபோசோம் புரதங்களின் உருவாக்கம் ஒருசேர எழுந்து, 15 நிமிடங்களில் சுமார் 2.5 மடங்கும் 60 நிமிடங்களில் ஏறத்தாழ 4 மடங்கும் ஆனது. குளுக்கோஸ், எத்தனால் என்ற இரு ஊடகங்களையும் ஒப்பிட்டபோது ரைபோசோம் அளவு வளர்ச்சி வீதத்திற்கு விகிதமாக இருந்தது. ஊட்டத்திற்கு ஈஸ்ட் தரும் முதன்மையான மறுமொழி ரைபோசோம் உற்பத்தியே என்பது இதனால் தெளிவாயிற்று.

ரைபோசோமின் விலை

இவ்வளவு கண்டிப்பான கட்டுப்பாடு ஏன் தேவை என்பதை 1999இல் வார்னர் எழுதிய கட்டுரையின் கணக்கு விளக்குகிறது. வேகமாக வளரும் ஈஸ்ட் உயிரணுவில் சுமார் 2,00,000 ரைபோசோம்கள் உள்ளன. 100 நிமிடங்களில் அது இரட்டிப்பாவதால், நிமிடத்திற்குச் சுமார் 2,000 புதிய ரைபோசோம்களைக் கட்ட வேண்டும். உயிரணுவின் மொத்த ஆர்என்ஏ படியெடுப்பில் சுமார் 60 விழுக்காடு ரைபோசோம் ஆர்என்ஏக்கே செலவாகிறது. தூதுவ ஆர்என்ஏயை உண்டாக்கும் பாலிமரேஸ் 2இன் வேலையில் ஏறத்தாழ பாதி, ரைபோசோம் புரத மரபணுக்களுக்குப் போகிறது.

ஈஸ்ட் ரைபோசோமில் 4 ஆர்என்ஏ மூலக்கூறுகளும் 79 புரதங்களும் உள்ளன. அப்புரதங்களில் மொத்தம் 12,000 அளவில் அமினோ அமிலங்கள் இருக்கின்றன. வினாடிக்கு 10 வீதம் கோத்தால், ஒரு ரைபோசோம் தன்னைப் போன்ற இன்னொன்றின் புரதங்களை மட்டும் கட்டி முடிக்கவே சுமார் 20 நிமிடங்கள் வேண்டும். நொதிகளும் சவ்வுப் புரதங்களும் இதற்கு மேல். ரைபோசோம்களைத் தேவைக்கு மிஞ்சிச் சேர்த்தால் மற்றப் புரதங்களுக்கு இடமும் பொருளும் குறையும். போதாமல் வைத்தால் வளர்ச்சி தேங்கும்.

ரைபோசோம் ஆர்என்ஏக்கான மரபணு ஈஸ்டின் 12ஆம் குரோமோசோமில் சுமார் 150 படிகளாக அடுத்தடுத்து அமைந்துள்ளது. இவ்வளவு படிகள் இருப்பது வேகத்திற்காகவே என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரே நேரத்தில் ஏறத்தாழ பாதி மட்டுமே இயங்குகின்றன. படிகளைச் சுமார் 40 ஆகக் குறைத்த ஈஸ்ட் வகையும் இயல்பான அளவில் ரைபோசோம் ஆர்என்ஏயை உண்டாக்குவதாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. எஞ்சிய ஒவ்வொரு மரபணுவிலும் பாலிமரேஸ்கள் நெருக்கமாக ஏறி ஈடுகட்டின.

ஊட்டச் செய்தியைக் கடத்தும் டோர்

உணவு வந்துள்ளது என்பதை உட்கருமணி எப்படி அறிகிறது? இதற்கான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பசிபிக் பெருங்கடலில் உள்ள ராப்பா நூயி என்னும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, பூஞ்சைகளை ஒடுக்கும் பொருளைச் சுரந்தது. கனடாவின் மான்ட்ரியாலில் சுரேன் சேகல் உள்ளிட்டோர் அதைப் பிரித்தெடுத்து 1975இல் அறிவித்தனர். தீவின் பெயரால் அது ராப்பாமைசின் எனப்பட்டது.

1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசப் ஹைட்மன், ராவ் மோவ்வா, மைக்கேல் ஹால் ஆகியோர் ராப்பாமைசினுக்கு அசையாத ஈஸ்ட் திரிபுகளைத் தேடி, டோர்1, டோர்2 என்னும் இரு மரபணுக்களைக் கண்டனர். டோர் புரதம் ஊட்ட நிலையை, குறிப்பாக நைட்ரஜன் ஊட்டத்தை, வளர்ச்சியோடு இணைக்கிறது. ராப்பாமைசின் கொடுத்த ஈஸ்டில் உணவு இருந்தும் பட்டினி நிலை தோன்றுகிறது. ரைபோசோம் ஆர்என்ஏ, ரைபோசோம் புரதங்கள் இரண்டின் படியெடுப்பும் சரிகிறது. டோர் வழியே மூன்று பாலிமரேஸ்களும் ஒரே கட்டளைக்குக் கீழ் வருகின்றன என்பதை 1990களின் இறுதி முதல் நடந்த ஆய்வுகள் காட்டின. பின்னர் இப்புரதம் மனிதர் உட்படப் பாலூட்டிகளிலும் கண்டறியப்பட்டது. ராப்பாமைசின் இன்று சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் மருந்து.

ஓய்வில் இருக்கும் ரைபோசோம்கள்

மெதுவாக வளரும்போதும் ரைபோசோம்களைப் பூஞ்சை ஏன் கைவிடுவதில்லை? இதற்கான சான்றுகள் பல திசைகளிலிருந்து சேர்ந்தன.

முதலாவது, வித்துகள். நியூரோஸ்போராவின் கொனிடியங்கள் உலர்ந்து உறங்கும்போதே ரைபோசோம்களைக் கொண்டுள்ளன. அவற்றில் மிகச் சிலவே பாலிசோம்களாக இருக்கும். ஈரமும் ஊட்டமும் கிடைத்ததும், புதிய ரைபோசோம்கள் உருவாகும் வரை காத்திராமல், இருப்பவையே நிமிடக் கணக்கில் பாலிசோம்களாக இணைகின்றன. முளைத்தலின் முதற்கட்டத்தில் கூடுவது எண்ணிக்கை அன்று, செயல்பாடு.

இரண்டாவது, இதற்கு எதிரான நிகழ்வு. ஈஸ்டிடமிருந்து குளுக்கோஸைத் திடீரெனப் பறித்தால் சில நிமிடங்களுக்குள் பாலிசோம்கள் கலைந்து, புரத உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிடும் என்று 2000இல் மார்க் ஆஷ், சூசன் டி லாங், ஆலன் சாக்ஸ் ஆகியோர் காட்டினர். அவ்வளவு குறுகிய நேரத்தில் ரைபோசோம்கள் அழிவதில்லை. அவை வேலையை நிறுத்துகின்றன. குளுக்கோஸ் திரும்பினால் வேலையும் திரும்புகிறது. பட்டினி நீண்டால் மட்டுமே அவை உடைக்கப்படும். நைட்ரஜன் பட்டினியில் ஈஸ்ட் தன் ரைபோசோம்களைத் தேர்ந்தெடுத்துத் தன்னுண்ணல் முறையில் சிதைப்பதை 2008இல் கிளாடின் கிராஃப்ட் குழுவினர் விளக்கினர்.

மூன்றாவது, முழுப் புரதத் தொகுதியின் அளவீடு. 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று கீமோஸ்டாட்டில் வளர்த்த ஈஸ்டை ஆராய்ந்தது. கால் பங்கிற்கும் மேற்பட்ட மரபணுக்களின் வெளிப்பாடு, எந்த ஊட்டம் குறைவு என்பதைப் பொறுத்திராமல் வளர்ச்சி வீதத்தையே தொடர்ந்தது. வீதம் கூடும்போது உயர்ந்தவற்றில் ரைபோசோம் மரபணுக்கள் முதன்மையானவை. 2017இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நாமா பர்கையின் குழு, பல்வேறு நிலைகளில் ஈஸ்டின் புரதத் தொகுதியில் ரைபோசோம் புரதங்களின் பங்கை அளந்தது. வளர்ச்சி வீதத்தோடு அப்பங்கு நேர்கோட்டில் உயர்ந்தது. ஆனால் கோடு பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை. வளர்ச்சி நின்றுபோகும் எல்லையிலும் ரைபோசோம்கள் மிச்சம் இருந்தன. வேகமாக வளரும்போதும் ஒரு பகுதி கையிருப்பாகவே வைக்கப்பட்டது.

இந்தக் கையிருப்பு வீண் செலவு போலத் தோன்றலாம். மாறாத சூழலில் அது செலவே. ஆனால் பழுத்து வெடித்த பழத்தின் மேலோ, மழைக்குப் பிந்திய மண்ணிலோ வாழும் பூஞ்சைக்கு உணவு திடீரென வந்து திடீரென முடிகிறது. அப்போது புதிய ரைபோசோம்களைக் கட்டிய பிறகுதான் வளர முடியும் என்றால், அருகிலுள்ள மற்ற நுண்ணுயிர்கள் முந்திவிடும். கையிருப்பு வைத்திருக்கும் உயிரணு முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. இன்றைய வேகத்தில் சிறிது இழந்து, நாளைய வாய்ப்புக்குத் தயாராக இருக்கும் ஏற்பாடாக இதை ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

பயன்களும் இன்றைய நிலையும்

ரைபோசோமின் வடிவ ஆய்வும் இத்துறைக்குத் துணைநின்றது. பாக்டீரியா உள்ளிட்ட நுண்ணுயிர்களின் ரைபோசோம் அமைப்பை வெளிப்படுத்தியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோர் 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். 2011இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்து ஈஸ்டின் முழு ரைபோசோம் அமைப்பு அணு அளவிலான நுட்பத்தில் வெளியானது.

பூஞ்சை ரைபோசோமுக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. புரதச் சங்கிலி நீள்வதற்கு விலங்குகளில் இரு காரணிகள் போதும். ஈஸ்டில் மூன்றாவது காரணி ஒன்றும் வேண்டும் என்பது 1976இல் வெளியான ஆய்விலிருந்து தெரியவந்தது. மனிதரில் இல்லாத இக்காரணி பூஞ்சைகளில் பரவலாக உள்ளது. மனித உயிரணுக்களும் பூஞ்சைகளும் ஒரே வகை 80எஸ் ரைபோசோமைக் கொண்டிருப்பதால், பாக்டீரியாவுக்கு எதிராகச் செய்வது போல ரைபோசோமைத் தாக்கிப் பூஞ்சை நோயைத் தீர்ப்பது கடினம். எனவே இத்தகைய வேறுபாடுகள் மருந்தியலில் கவனம் பெறுகின்றன.

நோய் சிகிச்சையில் செயல்பாட்டுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு நடைமுறைப் பொருள் உடையது. வளராமல் கிடக்கும் பூஞ்சை இறந்த பூஞ்சை அன்று. அதன் ரைபோசோம்கள் அமைதியாக இருக்கலாம். சூழல் மாறினால் மீண்டும் இயங்கலாம். நொதித்தல் தொழிலிலும் இதே கணக்கு உண்டு. வேண்டிய புரதத்தை ஈஸ்ட் மிகுதியாக உண்டாக்க வேண்டுமானால், ரைபோசோம்களைப் பெருக்குவதா, இருப்பவற்றை ஓட வைப்பதா என்பதை முதலில் அறிய வேண்டும்.

கோபன்ஹேகன் விதி இன்றும் பொய்யாகவில்லை. வேகமாக வளரும் பூஞ்சையில் ரைபோசோம்கள் மிகுதி என்பது ஈஸ்டிலும் நியூரோஸ்போராவிலும் உறுதியான உண்மை. மிக மெதுவாக வளரும் பாக்டீரியாக்களிலும் ரைபோசோம்கள் மிஞ்சியிருப்பதும் அவற்றின் வேகம் குறைவதும் பின்னர் அளக்கப்பட்டன. பூஞ்சைகளில் 1975இல் விலகலாகத் தெரிந்தது, நுண்ணுயிர்களின் வளர்ச்சியைப் பற்றிய பொதுவான அறிவின் ஒரு பகுதியாகிவிட்டது. ரைபோசோம்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு பூஞ்சையின் வளர்ச்சி வேகத்தைச் சொல்லிவிட முடியாது. அவற்றில் எத்தனை, எவ்வளவு வேகத்தில் இயங்குகின்றன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.